6 கிலோமீட்டர்தானே என்று கிளம்பலாமா? வெள்ளியங்கிரி ஏழு மலை உடம்பை என்ன செய்யும்?

கோவை மாவட்டம் பூண்டி அடிவாரத்தில் இருந்து வெள்ளியங்கிரி ஏழாவது மலை உச்சி வரை, ஒரு வழிக்கு சுமார் 6 கிலோமீட்டர். சமதளம் என்றால் ஒன்றேகால் மணி நேர நடை. பார்க்கில் தினமும் வாக்கிங் போகிறவருக்கு இது ஒரு தூரமே இல்லை.

ஆனால் கிட்டத்தட்ட ஒவ்வொரு சீசனிலும் இந்தப் பாதையில் ஏறியவர் மயங்கி விழுந்தார், நெஞ்சுவலி வந்து உயிரிழந்தார் என்ற செய்தி வந்துவிடுகிறது. 2024 சீசனில் அடுத்தடுத்து பலர் உயிரிழந்தது பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. இறந்தவர்கள் எல்லோரும் வயதானவர்களும் இல்லை.

இவ்வளவு சின்ன பாதை ஏன் இப்படி ஆளைச் சாய்க்கிறது? யார் ஏறலாம், யார் ஏறக் கூடாது? எந்த இடத்தில் திரும்பிவிட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் சுருக்கமா...

• தூரம் சுமார் 6 கி.மீ. ஆனால் ஏறும் உயரம் 1,200 மீட்டர் அளவுக்கு இருக்கும்.
• இங்கே மூச்சு வாங்குவதற்கு முக்கியக் காரணம் ஆக்சிஜன் குறைவு இல்லை, செங்குத்து ஏற்றம்.
• இறங்கும்போதும் ஏற்றம் உண்டு. பலரும் கணக்கில் எடுக்காதது இதைத்தான்.
• மலை மேல் ஆம்புலன்ஸ் வராது. ஆளைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.
• நெஞ்சில் அழுத்தம் தெரிந்தால் அந்த இடத்திலேயே பயணம் முடிந்தது. "இன்னும் ஒரு மலைதான்" என்பது அங்கே எடுபடாது.

எங்கே இருக்கிறது, எப்போது ஏறலாம்?

மேற்குத் தொடர்ச்சி மலையில், தமிழக - கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது வெள்ளியங்கிரி. கோவையில் இருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் வழியாகப் போனால் பூண்டி. அங்கே வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் இருக்கிறது. மலைப் பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏழாவது மலையில் பெரிய பாறைகளுக்கு நடுவே இருக்கும் சுயம்பு லிங்கத்தைத் தரிசிக்க வருகிறவர்கள்தான் அதிகம். 'தென்கயிலாயம்' என்பது பக்தர்கள் இந்த மலைக்கு வைத்திருக்கும் பெயர். காட்டையும் மேகத்தையும் சூரிய உதயத்தையும் பார்ப்பதற்காகவே ஏறுகிறவர்களும் இப்போது நிறைய பேர்.

மலை முழுக்க வனத்துறை கட்டுப்பாட்டில் இருக்கும் காடு. பொதுவாக பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற அனுமதி கிடைக்கும். மற்ற மாதங்களில் மழை, காற்று, அட்டை, வழுக்கல். மகா சிவராத்திரியும் சித்ரா பௌர்ணமியும் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நாட்கள். 10 முதல் 50 வயதுக்குள் இருக்கும் பெண்கள் மலை ஏறுவதில்லை என்ற வழக்கம் நீண்ட காலமாக இங்கே இருந்துவருகிறது. அனுமதி விஷயத்தில் சீசனுக்கு சீசன் அறிவிப்பு மாறலாம் என்பதால், கிளம்பும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

6 கி.மீ.க்குள் ஒளிந்திருக்கும் எட்டரைப் பழனி

பாதையின் கஷ்டத்தை கிலோமீட்டரில் அளந்தால் தப்பாகிவிடும். பார்க்க வேண்டியது, எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதை.

பூண்டி அடிவாரம் கடல் மட்டத்தில் இருந்து 500 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. உச்சி 1,700 மீட்டருக்கு மேல். அதாவது நடந்துபோகும் 6 கிலோமீட்டருக்குள் சுமார் 1,200 மீட்டர் மேலே ஏற வேண்டும். சராசரியாக ஒவ்வொரு 5 அடி நடைக்கும் 1 அடி ஏற்றம்.

இதைப் படிக்கட்டாக யோசித்துப் பாருங்கள். ஒரு படியின் உயரம் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 1,200 மீட்டருக்கு 6,000 படிகள். பழனி மலைக்கு 693 படிகள். ஆக, வெள்ளியங்கிரி ஏறுவது கிட்டத்தட்ட எட்டரைப் பழனியை ஒரே இரவில் ஏறுவதற்குச் சமம். "பழனி ஏறியிருக்கேன், இது என்ன பெரிய விஷயம்" என்று வருகிறவர் முதல் மலையிலேயே உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892-ல் ஒரு எளிய விதி சொன்னார். மலையேறுகிறவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு 5 கி.மீ. தூரத்துக்கும் ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம்.

வெள்ளியங்கிரிக்கு இதைப் போட்டால், தூரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், ஏற்றத்துக்கு 2 மணி நேரம். மொத்தம் மூன்றேகால் மணி நேரம். நைஸ்மித் கணக்கு நல்ல பயிற்சி உள்ளவருக்கு, நல்ல பாதையில், ஓய்வே எடுக்காமல் போனால் ஆகும் நேரம். இருட்டு, கூட்டம், ஒழுங்கில்லாத கற்படிகள், அடிக்கடி உட்காருவது எல்லாம் சேர்ந்தால் ஏறுவதற்கு மட்டும் 4 முதல் 6 மணி நேரம் ஆகிவிடும். இறங்குவது தனி.

ஏழு மலையும் ஏழு விதம்

மலை என்று பெயர் இருந்தாலும், இவை ஒன்றோடு ஒன்று ஒட்டிய ஏற்ற இறக்கங்கள்தான்.

முதல் மலை: கற்படிகள். வளைவு, சமதளம் என்று மூச்சு விட இடம் தராத செங்குத்து. ஏறி முடிக்கும் இடத்தில் வெள்ளை விநாயகர் கோயில். முழு பாதையில் ஆட்களை அதிகம் சோதிப்பது இந்த முதல் மலைதான் என்று அடிக்கடி ஏறுகிறவர்கள் சொல்வார்கள். உடம்பு இன்னும் சூடாகாத நிலையில், உற்சாகம் மட்டும் உச்சத்தில் இருக்கும்போது இந்தச் செங்குத்து வருகிறது. நண்பர்களோடு போட்டி போட்டு வேகமாக ஏறுவதும் இங்கேதான் நடக்கும்.

இரண்டாவது, மூன்றாவது மலைகள்: ஏற்றம் தொடரும். பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை என்று தண்ணீர் கிடைக்கும் இடங்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. வழுக்குப் பாறை என்ற இடத்தில் பாறையிலேயே படி வெட்டியிருக்கும். பனி ஈரம் இருந்தால் அங்கே கவனம் தேவை.

நான்காவது, ஐந்தாவது மலைகள்: ஏற்றம் கொஞ்சம் தணியும். மரங்கள் குறைந்து புல்வெளி திறக்கும். இதுவரை மரங்கள் தடுத்துக்கொண்டிருந்த காற்று இப்போது நேராக மேலே அடிக்கும். இரவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் கீழே கோவை நகரத்து விளக்குகள் தெரியும். பகலில் பார்த்தால், மடிப்பு மடிப்பாகப் புல் மலைகள், பள்ளங்களில் மட்டும் அடர்த்தியாகச் சோலைக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய காட்சி இது.

ஆறாவது மலை: இங்கே பாதை கீழே இறங்குகிறது. ஆண்டி சுனையில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். பலர் அதில் குளித்துவிட்டுத்தான் கடைசி மலைக்குப் போவார்கள். இறங்குவது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே இறங்கிய ஒவ்வொரு அடியையும் திரும்பி வரும்போது ஏற வேண்டும் என்பது அப்போது யாருக்கும் நினைவில் இருக்காது.

ஏழாவது மலை: மறுபடி செங்குத்து. உச்சியில் சூரியன் எழும்போது கால்களுக்குக் கீழே மேகம் நகரும். மேகம் விலகினால் ஒரு பக்கம் கோவை சமவெளி, இன்னொரு பக்கம் சிறுவாணி, கேரள மலைகள். இந்த ஐந்து நிமிடக் காட்சிக்காக வருஷா வருஷம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

"மேலே ஆக்சிஜன் கம்மி" - இது எவ்வளவு உண்மை?

வெள்ளியங்கிரி மரணச் செய்திகளுக்குக் கீழே அடிக்கடி வரும் விளக்கம் இது. பாதி உண்மைதான்.

உயரம் போகப் போக காற்றழுத்தம் குறையும், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். வெள்ளியங்கிரி உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரி உச்சியை விட ஊட்டி பஸ் ஸ்டாண்ட் உயரம்! அங்கே ஆயிரக்கணக்கானோர் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள். உயர நோய் என்று மருத்துவர்கள் சொல்வது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும்.

அப்படியென்றால் மூச்சு ஏன் இப்படி முட்டுகிறது? ஏற்றம்தான் காரணம். ஒவ்வொரு படிக்கும் முழு உடம்பு எடையையும் தொடைத் தசைகள் தூக்க வேண்டும். அந்தத் தசைகளுக்கு ரத்தம் அனுப்ப இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்க வேண்டும். சமதளத்தில் நிமிடத்துக்கு 90, 100 என்று துடிக்கும் இதயம், செங்குத்தில் 150, 160-ஐத் தாண்டும். அதை மணிக்கணக்கில் செய்ய வேண்டும்.

பழக்கப்பட்ட இதயம் இதைத் தாங்கும். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்து, அது இருப்பதே தெரியாதவருக்கு இங்கேதான் ஆபத்து. சாதாரண வாழ்க்கையில் அந்த அடைப்பு எந்தத் தொந்தரவும் தராமல் இருந்திருக்கும். வருஷம் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, ஒரே இரவில் இதயத்துக்கு இவ்வளவு வேலை கொடுக்கும்போது அது மாரடைப்பாக வெளியே வருகிறது. பழக்கமில்லாத திடீர் கடும் உழைப்பு மாரடைப்பைத் தூண்டும் என்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட விஷயம்.

மலை ஏறுவதற்கு முன்பே தொடங்கும் களைப்பு

பெரும்பாலானோரின் பயணத் திட்டம் இப்படித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் சென்னையிலோ பெங்களூருவிலோ வேன் ஏறுவது. இரவு முழுக்க பயணம். சனிக்கிழமை பகலில் கோவையைச் சுற்றிவிட்டு, இரவு மலை ஏறத் தொடங்குவது. ஞாயிறு காலை உச்சி, மதியம் அடிவாரம், இரவே ஊருக்குத் திரும்புவது.

இதில் சரியான தூக்கம் என்று ஒரு இரவு கூட இல்லை. தூக்கம் கெட்ட உடம்பில் ரத்த அழுத்தம் ஏறும், கால் வைக்கும் இடத்தைக் கணிக்கும் திறன் குறையும். வெயிலைத் தவிர்க்க இரவில் ஏறுவது நல்ல யோசனைதான். அதற்கு முன் பகலில் நாலைந்து மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும்.

விரதம் இருந்து ஏறுகிறவர்களும் உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் ஏறினால் ரத்தத்தில் சர்க்கரை மள மளவென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, குழப்பம், மயக்கம் என்று போய்விடும். அதற்கு நேர்மாறாக, அடிவாரத்தில் பரோட்டாவும் பிரியாணியும் ஒரு பிடி பிடித்துவிட்டு உடனே ஏறுவதும் தப்பு. ஏறுவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு அளவான சாப்பாடு போதும். வழியில் கொறிக்க பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், வாழைப்பழம் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, குளிர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அந்தக் கணக்கில் அடிவாரத்தில் 22 டிகிரி என்றால், உச்சியில் 15 டிகிரி. காற்றும் சேர்ந்தால் அதை விடக் குளிராகத் தெரியும். ஏறும்போது வியர்வையில் நனைந்த பனியனோடு உச்சியில் உட்கார்ந்தால் பல் கிட்டிக்கும். மாற்று பனியன் ஒன்றும், காற்று புகாத ஒரு ஜெர்க்கினும் பையில் இருக்கட்டும்.

யார் ஏறவே கூடாது?

• இதய நோய் உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள். இதய மருத்துவர் "சரி" என்று சொல்லாதவரை வேண்டாம்.
• கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள்.
• ஆஸ்துமா, மூச்சுத்திணறல் உள்ளவர்கள்.
• வலிப்பு வரும் வரலாறு உள்ளவர்கள்.
• சமீபத்தில் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்கள்.
• மது அருந்தியவர்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் எல்லோரும் தயார் என்று அர்த்தம் இல்லை. 40 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பிடிப்பவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்த வரலாறு உள்ளவர்கள் ஒரு முறை மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. படுத்துக்கொண்டு எடுக்கும் சாதாரண ஈ.சி.ஜி. சில நேரம் நார்மலாகவே வரும். உழைப்பில் இதயம் எப்படி இருக்கிறது என்று பார்க்க டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எப்படித் தயாராகணும்?

ஒரு மாதமாவது முன்கூட்டியே தொடங்குங்கள். ஜிம் தேவையில்லை. அபார்ட்மென்ட் மாடிப்படி போதும். முதல் வாரம் 10 நிமிடம் ஏறி இறங்குங்கள். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். கடைசி வாரங்களில் மலைக்குக் கொண்டுபோகும் அதே பையை முதுகில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். 45 நிமிடம் பெரிய சிரமம் இல்லாமல் ஏறி இறங்க முடியவில்லை என்றால், இந்த சீசனை விட்டுவிட்டு அடுத்த சீசனைப் பார்க்கலாம்.

முதல் முறை காட்டுப் பாதையில் நடக்கிறவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டியோடு ஒரு எளிய பாதையில் நடந்து பார்த்தால், நம் உடம்பு எந்த அளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

ஏறும்போது வேகத்துக்கு ஒரு சின்ன சோதனை: பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் முடிக்க முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்த வேண்டியிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். கூட்டத்தோடு போட்டி வேண்டாம். கூட வருகிறவர்களில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் வேகம்தான் மொத்த குழுவின் வேகம்.

தண்ணீர் மணிக்கு சுமார் அரை லிட்டர். ஒரேயடியாகக் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். கூடவே உப்புக் கரைசல் பாக்கெட் இரண்டு இருக்கட்டும். பிளாஸ்டிக் விஷயத்தில் அடிவாரச் சோதனைச் சாவடியில் வனத்துறை கண்டிப்பாக இருக்கும். பாட்டில்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குவார்கள். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால்தான் பணம் கிடைக்கும். சுனைத் தண்ணீர் மனிதர்களுக்கு மட்டுமானது இல்லை, காட்டு விலங்குகளும் அதைத்தான் குடிக்கின்றன. அதில் சோப்பு, ஷாம்பு போடக் கூடாது.

அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை வாங்க மறக்காதீர்கள். "நமக்கெதுக்கு தடி, வயசாயிடுச்சா என்ன" என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள், இறங்கும்போது அடுத்தவர் தடியை ஏக்கத்தோடு பார்ப்பார்கள்.

இறங்கும்போது கால் நடுங்குவது ஏன்?

உச்சியைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று மனது சொல்லும். ஆனால் பாதி பயணம் இன்னும் பாக்கி.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பு முன்னால் சரியாமல் பிரேக் பிடிக்கிறது. தசை நார்களுக்கு இந்த வேலையில்தான் சேதம் அதிகம். அதனால்தான் மூன்றாவது மலை இறங்கும்போது நிற்க வைத்தாலும் கால் வெடவெடவென்று ஆடும். மறுநாள், அதற்கு மறுநாள் வீட்டுப் படிக்கட்டில் இறங்க முடியாமல் பக்கவாட்டில் நடப்பதும் இதனால்தான்.

நடுங்கும் கால்தான் வழுக்கும், கணுக்கால் பிசகும். அதனால் இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள். முழங்காலை விறைப்பாக வைக்காமல் கொஞ்சம் மடக்கியே வையுங்கள். தடியை முதலில் கீழ்ப் படியில் ஊன்றிவிட்டு அப்புறம் கால் வையுங்கள். ஓடி இறங்கவே வேண்டாம். வெயில் ஏறிய பிறகு இறங்குகிறவர்கள் கடைசி இரண்டு மலையில் வெக்கையில் மாட்டிக்கொள்வதால், இறங்குவதற்கென்று ஒரு லிட்டர் தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும்.

எங்கே திரும்புவது?

மலையேற்றத்தில் மிகக் கஷ்டமான முடிவு இதுதான். வெள்ளியங்கிரியில் அது இன்னும் கஷ்டம். வேண்டுதலோடு வந்தவருக்கு, உச்சிக்குப் போகாமல் திரும்பினால் சாமி கோபித்துக்கொள்ளுமோ என்ற பயம் இருக்கும். நண்பர்களோடு வந்தவருக்குக் கிண்டல் செய்வார்களோ என்ற தயக்கம். குழுவாக வந்தவருக்கு, நம்மால் எல்லோரும் திரும்ப வேண்டியிருக்குமே என்ற குற்ற உணர்வு. உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை வாய் விட்டுச் சொல்லாமல் மறைப்பதற்கு இவையெல்லாம் காரணமாகின்றன.

அதனால் இந்த முடிவை மலையில் எடுக்கக் கூடாது. அடிவாரத்திலேயே குழுவாகப் பேசி எடுத்துவிட வேண்டும். மூன்று இடங்களை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் இடம், வெள்ளை விநாயகர் கோயில். முதல் மலை முடிந்து பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் மூச்சு, படபடப்பு அடங்கவில்லையா? அங்கேயே திரும்பிவிடலாம். அடிவாரம் பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, மூன்றாம் மலை முடிவு. கொண்டுவந்த தண்ணீரில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டதா? முழங்கால் வலிக்கிறதா? உச்சி வரை போகத் தெம்பு இருக்கிறதா என்று யோசிக்கக் கூடாது. உச்சிக்குப் போய், திரும்பி அடிவாரம் வரை வரத் தெம்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, ஆறாவது மலை இறக்கத்துக்கு முன். இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் திரும்பி வருவதற்கே ஒரு மலை ஏற வேண்டும். சந்தேகம் இருந்தால் இங்கே நின்றுவிடுங்கள்.

குழுவில் ஒருவர் திரும்பினால் அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. ஒருவராவது கூடப் போக வேண்டும். இதை எந்த சமரசமும் இல்லாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

ஆபத்து என்றால் என்ன செய்யணும்?

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடது கை, தோள், தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், திடீர் மூச்சுத்திணறல். இவற்றில் எது வந்தாலும் உடனே உட்கார வேண்டும். "கேஸ் டிரபிளா இருக்கும், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று சொல்லித்தான் பல உயிர்கள் போயிருக்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் மூச்சிரைப்பாகவும் கூட மாரடைப்பு வரலாம்.

உட்கார்ந்தவரை மறுபடி நடக்க விடாதீர்கள். மெதுவாக நடந்து இறங்கினாலும் இதயத்துக்கு அது கூடுதல் வேலைதான். 108-க்கு அழையுங்கள். சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால், உடனே இருவரைக் கீழே வனத்துறையினரிடம் அனுப்புங்கள். எந்த மலை, எந்த இடம், என்ன அறிகுறி என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நினைவில்லை, மூச்சும் இல்லை என்றால் உடனே சி.பி.ஆர். தொடங்க வேண்டும். நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒருவர் களைத்தால் அடுத்தவர் தொடர வேண்டும். குழுவில் இரண்டு பேராவது இதைப் பழகிவிட்டு வருவது நல்லது.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும்? நகரத்தில் மாரடைப்பு வந்தால் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும். இங்கே ரோடு இல்லை, ரோப் கார் இல்லை. வனத்துறைப் பணியாளர்களும் உள்ளூர்க்காரர்களும் டோலி கட்டி, செங்குத்துப் படிகளில், எதிரே ஏறிவரும் கூட்டத்துக்கு நடுவே தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். இங்கே அடிவாரம் வந்து சேரவே மணிக்கணக்கில் ஆகிவிடும். ஆறாவது மலையில் "இன்னும் கொஞ்சம்தான்" என்று தள்ளிப்போடும் ஒருவர், மருத்துவமனையில் இருந்து தன்னை இன்னும் தூரமாக்கிக்கொள்கிறார்.

யானை, தீ, இடி

அடிவாரமும் காட்டுப் பாதையும் யானைகள் நடமாடும் பகுதி. சிறுத்தை, கரடியும் உண்டு. அனுமதித்த பாதையை விட்டு 'ஷார்ட்கட்' தேடிப் போகக் கூடாது. தனியாகப் பின்தங்கவும் கூடாது. ஹெட்லைட் அல்லது டார்ச் கட்டாயம். மொபைல் வெளிச்சத்தை நம்பினால், அவசரத்துக்குப் பேச சார்ஜ் இருக்காது.

ஏற அனுமதி இருக்கும் மாதங்கள்தான் காடு காய்ந்து கிடக்கும் மாதங்களும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரக் கோடை மழையும் இடியும் சகஜம். நான்காவது மலைக்கு மேல் திறந்த புல்வெளி என்பதால், இடிச் சத்தம் கேட்டாலே உயரமான முகட்டில் இருந்து இறங்கிவிட வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்க்க...

• வனத்துறை அனுமதியும் அன்றைய வானிலையும் பார்த்தாச்சா?
• முந்தைய பகல் தூங்கியாச்சா?
• தினசரி மாத்திரை கையில் இருக்கிறதா? அது என்ன மாத்திரை என்று கூட வருபவருக்குத் தெரியுமா?
• தண்ணீர் 2 லிட்டருக்குக் குறையாமல், உப்புக் கரைசல், கொஞ்சம் இனிப்பு?
• டார்ச், மாற்று உடை, ஜெர்க்கின், பிடிப்புள்ள ஷூ, மூங்கில் தடி?
• வீட்டில் ஒருவரிடம் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சொல்லியாச்சா?
• யாராவது "முடியல" என்றால் மறு பேச்சின்றித் திரும்புவது என்று குழுவில் பேசியாச்சா?

கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வராத குழுவோடு மலை ஏறாமல் இருப்பதே நல்லது. பிப்ரவரி பிறந்தால் அடுத்த சீசன் வரும்.